மண்ணு தின்னுற வாட்டு

தென்னந்தோப்பு இருக்கிற கோயமுத்தூர்க்காரனுக்கு ஹாம் ரேடியோவில் ஒரு வசதி. மொட்டை மாடியை நம்ப வேண்டாம், 10 மீட்டர் குழாயைத் தரையிலேயே நட்டுவிடலாம். 7.1 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் அவ்வளவுதான். கேபிளின் நடுக்கம்பி குழாய்க்கு. வெளிப்பின்னல்? அங்கேதான் வம்பு.

எர்த் போட வந்த எலக்ட்ரீசியன் அண்ணன் எட்டடிக் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, கம்பியை இறக்கிட்டு, "ஏனுங் தம்பி, இதுக்கு மேல என்னத்துக்குங் வயரு?"ன்னார். மோட்டாருக்கு அது போதும். ரேடியோவுக்குப் பத்தாது. சுத்திலும் உள்ள மண்ணின் மேலாகத்தான் மின்னோட்டம் குழாயடிக்குத் திரும்பி வரணும். நம்ம காய்ஞ்ச செம்மண்ணும் சரளையும் லேசில் விடுமா? சூடாக்கித் தின்றுவிடும்.

கூத்து என்னன்னா, மீட்டர் இதைச் சொல்லாது. அருமையான தரை மேல் இந்தக் குழாய் காட்டும் தடை சுமார் 36 ஓம். மண்ணில் 14 ஓம் வீணானால் மொத்தம் 50. கேபிளுக்குக் கச்சிதம், எஸ்.டபிள்யூ.ஆர். 1! ஆனால் 100 வாட்டில் 28 மண்ணுக்கு. 36 ஓம் வீணானால் பாதியே போச்சு, மீட்டரோ சுமார் 1.4 காட்டும். துளியும் வீணாகாத தரையிலும் அதே 1.4 தான். வயர் போடப் போட எஸ்.டபிள்யூ.ஆர். ஏறுதேன்னு பயந்து பிடுங்கிடாதீங்க :-)

2004 டிசம்பர் சுனாமியின்போது அந்தமானிலிருந்து பாரதி பிரசாத் ஹாம் ரேடியோவில்தான் சேதி சொன்னார். அப்படியொரு நாளில், பேட்டரியில் ஓடுற பெட்டியின் வாட்டில் பாதியை மண்ணுக்குப் படைக்க முடியுமா?

1937லேயே பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் மூணு பேரும் அளந்து எழுதிட்டாங்க. மீடியம் வேவ் நிலையங்கள் கம்பத்தடியில் 120 செப்புக்கம்பி புதைக்கிற வழக்கத்துக்கு அதுதான் ஆதாரம். நமக்கு 16 போட்டாலே வித்தியாசம் தெரியும். சப்மெர்சிபிள் மோட்டார் வைண்டிங் வயர் இந்த ஊரில் கிடைக்காட்டி வேற எங்கே கிடைக்கும்? தரையில் கிடக்கிற வயருக்கு நீளம் முன்னபின்ன இருக்கலாம். தூக்கிக் கட்டினால் மட்டும் கால் அலை அளவு கண்டிப்பு. குழாயடியில் கேபிளை ஃபெரைட் வளையத்தில் சில சுற்று சுற்றிடுங்க. இல்லாட்டி கேபிளின் வெளித்தோலும் ஆண்டெனாவாகி, மைக்கைத் தொட்டால் உதட்டில் சுரீர்னு பிடிக்கும்.

சென்னையோடு பேச மட்டும்னா இத்தனை பாடு வேண்டாம், தாழக் கட்டின டைபோலே மேல். ராத்திரியில் தூர தேசம் பிடிக்கத்தான் இது.

அண்ணனின் குழியும் வீண் இல்லை. வயர் அத்தனையும் அந்தக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருக்கு. ஐப்பசி இடி கேட்டால் அதை மட்டும் நம்பாமல், கேபிளையும் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுடுவேன்.