வானதி ஏன் மயங்கி விழுந்தாள்?

புதுக்கோட்டை கீழ ராஜ வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது அந்த வீடு. ராத்திரி எட்டரை மணிக்கு மேல் அங்கே சண்டை ஆரம்பிக்கும். ஒரு பக்கம் 72 வயது அப்பத்தா, இன்னொரு பக்கம் பிளஸ் ஒன் படிக்கும் பேத்தி. சொத்துத் தகராறும் இல்லை, ரிமோட் தகராறும் இல்லை. யாருக்கு யாரைக் கட்டிவைப்பது என்பதுதான் வழக்கு. சம்பந்தப்பட்ட மாப்பிள்ளைகளும் பெண்களும் கதைப் புத்தகத்துக்குள் இருக்கிறார்கள்.

பேத்தியின் கட்சி ஜப்பான் கட்சி. மசாஷி கிஷிமோட்டோ எழுதி வரைந்த 'நருட்டோ' என்கிற மாங்கா. 1999-ல் ஒரு வாரப் பத்திரிகையில் தொடங்கி, 2014-ல் 700-வது அத்தியாயத்தோடு முடிந்த படக்கதை. கார்ட்டூனாகத் தமிழிலேயே பேசி டி.வி.யில் வந்ததால், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நருட்டோ சித்தப்பா மகன் மாதிரி. 'இந்த ஜோடிதான் சேரணும்' என்று ரசிகர்கள் கொடி பிடிப்பதற்கு 'ஷிப்' என்று பேர். 'ரிலேஷன்ஷிப்' என்ற வார்த்தையின் வால் அது. நருட்டோவுக்குச் சகுராவா, ஹினாட்டாவா என்று வருடக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் கிஷிமோட்டோ ஹினாட்டாவைத்தான் கட்டிவைத்தார். தோற்ற கட்சிக்காரர்கள் இன்னும் தீர்ப்பை ஏற்கவில்லை.

பேத்தி ஹினாட்டா கட்சி. ஹினாட்டா பெரிய குடும்பத்துப் பெண். கூச்ச சுபாவம். இவள் தேற மாட்டாள் என்று முடிவு கட்டிய அப்பா தங்கையைத் தயார் செய்வார். அம்மாவைப் பற்றிக் கதையில் அநேகமாக ஒன்றுமே இல்லை. சின்ன வயதிலிருந்தே நருட்டோ மேல் பிரியம். வாய் திறந்து சொல்ல வராது. அவன் பக்கத்தில் வந்து நின்றால் முகம் சிவந்து மயங்கி விழுந்துவிடுவாள்.

ஒருநாள் அப்பத்தா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே பேத்தியின் தோளுக்கு மேலாக போனை எட்டிப் பார்த்தார்.

"யாருத்தா இவ? நம்ம வானதி மாதிரி பொத்துனு விழுகுறா?"

அன்றைக்குத் தொடங்கியதுதான்.

அப்பத்தாவுக்குப் 'பொன்னியின் செல்வன்' சீதனமாக வந்தது. 1950 அக்டோபர் 29-ம் தேதி இதழில் கல்கி அதைத் தொடங்கி மூன்றரை வருஷம் எழுதினார். அப்பத்தாவின் அப்பா வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியம் படங்களோடு பைண்டு பண்ணி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் நடந்த வேலைதான். இந்த வீட்டு பைண்டிங்கில் ஒரு குறை. கடைசிக் கட்டு இல்லை. யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவே இல்லை.

அப்பத்தா அதைப் படித்தபோது வயது 13. முடிவு தெரியாது, கேட்கவும் ஆள் இல்லை. அதனால் தானே முடித்துக்கொண்டார். வந்தியத்தேவனுக்கு மணிமேகலையைக் கட்டிவைத்தார். வானதியைத் தஞ்சாவூர் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார். நந்தினியை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் ஆற்றோடு அனுப்பிவிட்டார். கல்யாணமாகி வந்த பிறகு, 19 வயதில், நூலகப் புத்தகத்தில்தான் நிஜ முடிவு கிடைத்தது. மணிமேகலை செத்துப்போகிறாள், வானதி சிம்மாசனம் ஏற மாட்டேன் என்று சபதம் செய்தவள்.

"எங்கிட்ட அவ ஆறு வருஷம் நல்லாத்தான் இருந்தா. கல்கிதான் கொன்னுபுட்டாரு" என்பார் அப்பத்தா, பக்கத்து வீட்டுத் துக்கத்தைச் சொல்வதுபோல.

இது அப்பத்தாவோடு போகிற பைத்தியம் இல்லை. முடிவுரையில் கல்கியே வாசகர்களின் சந்தேகங்களுக்கு உட்கார்ந்து பதில் எழுத வேண்டி வந்தது. அதுவும் போதாமல் எழுத்தாளர் விக்கிரமன், கதையின் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி' என்று முழு நாவலே எழுதினார். அதற்குப் பின்னும் ஆட்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஜப்பான்காரர்களுக்கு முன்னாலேயே நம் வீட்டு ஊஞ்சலில் 'ஷிப்' ஓடியிருக்கிறது, பெயர்தான் இல்லை.

2022 செப்டம்பரில் மணிரத்னம் படம் வந்தது. மறு ஏப்ரலில் இரண்டாம் பாகம். அது ஆதித்த கரிகாலனும் நந்தினியும் சிறுபிள்ளைகளாக இருந்த காலத்தில் தொடங்கியது. பேத்திக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. புத்தகத்தில் அந்த இளமைக் காதல், கரிகாலன் பார்த்திபேந்திரனிடம் சொல்லும் கதையாக வருகிறது என்று அப்பத்தா விளக்கினார். உடனே பேத்தி, "அப்ப அது அவன் சொல்ற கதை. அந்தப் புள்ளைக்கு என்ன நடந்துச்சுன்னு அவளக் கேட்டாத்தானே தெரியும்?" என்றாள். அப்பத்தா வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அறுபது வருஷமாகப் படிக்கிறவருக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை.

பிறகுதான் பேத்தி பைண்டிங்கைக் கையில் எடுத்தாள். போனில் இல்லாத வாசனை அதில் இருந்தது. கரப்பான் வாசனையும் கொஞ்சம். அரைப் பரீட்சைக்குள் முதல் பாகம் முடிந்தது. வானதியிடம் வந்து நின்றுவிட்டாள்.

கதை தெரியாதவர்களுக்கு: வானதி கொடும்பாளூர் இளவரசி. நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண். பழையாறையில் குந்தவையின் தோழியாக இருக்கிறாள். யானைப்பாகன் என்று நினைத்து ஒருவனிடம் மனதைக் கொடுக்கிறாள். அவன்தான் இளவரசர் அருள்மொழி. அவர் ஈழத்துப் போருக்குப் புறப்படும் நாளில், பெண்கள் தட்டில் விளக்கேந்தி நிற்கிறார்கள். இளவரசர் எதிரே வந்ததும் வானதியின் கையிலிருந்து தட்டு விழுகிறது. அவளும் மயங்கி விழுகிறாள்.

"ஏன் விழுந்தா?" என்றாள் பேத்தி.

"இதென்ன கேள்வி? வெட்கம். மனசுக்குப் புடிச்சவன் ராசா மகன்னு தெரிஞ்சா கை நடுங்காதா?"

"அப்பத்தா, அவங்க அப்பா எங்க செத்தாரு?"

அப்பத்தாவுக்குத் தெரியும். கொடும்பாளூர் சிறிய வேளார் ஈழத்துப் போரில் இறந்தவர். கல்கியின் கற்பனை இல்லை அது. சுந்தர சோழரின் 9-ம் ஆட்சியாண்டில் அவர் ஈழத்தில் மாண்டதைக் கல்வெட்டே சொல்கிறது. அவருக்கு ஒரு மகளைக் கொடுத்து வானதி என்று பேர் வைத்ததுதான் கல்கியின் வேலை. இராஜேந்திர சோழனின் தாய் வானவன் மாதேவி என்ற வரலாற்றுச் செய்தியோடு அந்த மகளை முடிச்சுப் போட்டார்.

"அதே ஈழத்துக்குத்தான் இவரும் போறாரு. அன்னிக்கும் அவங்க அப்பாவுக்கு யாராச்சும் இப்படித் தட்டுல விளக்கு வச்சுக்கிட்டு நின்னிருப்பாங்கள்ல? அந்தச் சின்னப் புள்ள கதவோரமா நின்னு பாத்திருக்கும்ல? திரும்ப அதே வெளக்கு, அதே ஊரு. அதான் விழுந்துட்டா. வெட்கமாம்!"

"கல்கி அப்படி எழுதலையேத்தா."

"எழுதலைன்னா நடக்கலையா?"

வழக்கை அப்பத்தா ஒத்திவைத்தார். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வா, வானதி ஊரையே பாத்துட்டு வருவம்" என்று கிளம்பினார். அன்னவாசல், இலுப்பூர் வழியாக விராலிமலை பஸ். அங்கிருந்து மதுரைச் சாலையில் போய்க் கொடும்பாளூர். இத்தனை பக்கத்தில் இருந்தும், 50 வருஷத்தில் அப்பத்தா ஒரு தடவைகூடப் போனதில்லை. நம் ஊர் அதிசயத்துக்கு நாம்தான் கடைசியாகப் போவோம்.

மூவர் கோயில் என்று பேர். நிற்பவை இரண்டு. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். பூதி விக்ரமகேசரி என்ற இருக்குவேள் கட்டியது. கதையில் வானதியை வளர்க்கும் பெரிய வேளாரும் இதே பெயர்க்காரர்தான். நடுவிமானத்தில் கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டு. மன்னரின் முன்னோர்கள் வரிசையாக அதில் வருகிறார்கள். தன் பெயரில் ஒன்று, கற்றளி, வரகுணா என்ற இரண்டு மனைவிகள் பெயரில் இரண்டு என மூன்று விமானம் எழுப்பியதாகவும் சொல்கிறது. மனைவிகளுக்குப் பெயராவது மிஞ்சியது. இந்த விக்ரமகேசரி சுந்தர சோழர் காலத்தவரா, அதற்கும் முந்தியவரா என்று வரலாற்று ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. அவர்களும் ஒரு கல்லை வைத்துக்கொண்டு மிச்சத்தை ஊகிக்கிறவர்கள்தானே.

பேத்தி மூன்றாவது விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "சின்னப் புள்ளைங்களப் பத்தி ஒரு வரிகூட இல்லையா அப்பத்தா?"

"கல்லுல சின்னப் புள்ளைய எவன் வெட்டுவான்?"

புல்தரையில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தார்கள். வெயில் இதமாக இருந்தது. எங்கோ மயில் அகவியது. அப்பத்தா ஒரு வாய் வைத்துவிட்டு, எதிரே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ ஏர்போர்ட்டுக்கு வராததும் அதுக்குத்தானா?"

அவள் அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் சூபர்வைசர். வருஷத்துக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். இவளுக்கு ஏழு வயது இருக்கும்போது திருச்சி விமான நிலையத்தில் வழியனுப்பப் போனார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா திரும்பிக் கையாட்டினார். இந்தப் பக்கம் இவள் சுருண்டு விழுந்தாள். சோடா தெளித்தார்கள். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, அதான் என்றார்கள். அவளும் அதையே பிடித்துக்கொண்டாள். அதன்பின் ஒவ்வொரு தடவையும் புறப்படும் நாளன்று தலைவலி வரும், இல்லாவிட்டால் மறுநாள் பரீட்சை வரும். அறைக் கதவு சாத்தியிருக்கும். "புள்ளைக்கு எம்மேல ஒட்டுதல் இல்ல" என்று அப்பா ஒருமுறை அம்மாவிடம் சொன்னது, சாத்திய கதவு வழியாக அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவள் திருத்தப் போகவில்லை. என்னவென்று சொல்வது?

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு மூவர் கோயில் புல்தரையில் அதைச் சொன்னாள். முழுசாக இல்லை. "எனக்கு அந்தக் கதவு ஆகாது அப்பத்தா" என்றாள். அவ்வளவுதான்.

அப்பத்தா பதில் சொல்லவில்லை. அவருக்குப் புறப்பாடு என்றால் மூட்டை கட்டுவது, முறுக்கு சுடுவது, திருநீறு பூசிவிடுவது. போனவன் வருவான். அந்த வீட்டில் ஒருவருக்கு அது வேறாக இருந்திருக்கிறது என்பது பதினாறு வயது வரைக்கும் தெரியவில்லை. கையைக் கழுவிவிட்டு, பேத்தியின் பின்கழுத்தை ஒருதரம் அழுத்திவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பத்தா கேட்டார்: "ஒன் சப்பான்காரி இருக்காளே, அவளுக்கு ஆத்தா என்ன ஆனா?"

"கதையில இல்ல. நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

"படிச்சுக் காட்டு."

பொங்கலுக்கு அப்பா வந்தார். பதினெட்டு நாள் இருந்தார். அவரிடம் அப்பத்தா என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. புறப்படும் ராத்திரி, கார் வந்து நின்றபோது பேத்தி செருப்பு மாட்டிக்கொண்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். வழியில் கீரனூரில் நிறுத்தி அவளை இரண்டு இட்லி சாப்பிட வைத்தார்கள். கதவு அதே கதவுதான். அப்பத்தா ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு கையில் பேத்தியின் முழங்கையுமாக நின்றார். கால் நடுங்கியது. உட்கார்ந்துவிட்டாள், விழவில்லை. அப்பா பாதி வழி போனவர் திரும்பி வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பின்னால் வந்தவர்கள் பெட்டியை வளைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இப்போது அப்பா ஷிஃப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் வண்டியில் 'பொன்னியின் செல்வன்' ஒலிப்புத்தகம் கேட்கிறார். படிக்கப் பொறுமை இல்லை, கேட்கலாம் என்றார். வந்தியத்தேவன் அரிசிலாற்றங்கரையில் பஞ்சடைத்த முதலை மேல் வேல் எறிந்த இடத்தில் அவர் சிரித்ததில் பக்கத்து சீட்டு பங்களாதேஷ்காரர் எழுந்துவிட்டாராம். போன வாரம் விளக்குத் தட்டுக்கு வந்து சேர்ந்தார். அன்று ராத்திரி வீடியோ காலில் இரண்டு கட்சிகளும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

அப்பா தாடையைச் சொறிந்துகொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் சொல்றது இருக்கட்டும். எனக்கென்னமோ அந்தப் புள்ள காலையில ஒண்ணும் சாப்பிடலையோன்னு..."

இந்தப் பக்கம் எழுந்த கூச்சலில் அவர் போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.