எங்கட ஊர்க் கோஷ்டி

"கோஷ்டி" எண்டால் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அரசியல்தான் ஞாபகம் வரும். எழுபது, எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில வளர்ந்த எங்களுக்கு அதுக்கு ஒரே அர்த்தம்தான்: ரெண்டு கிற்றார், ஒரு ஓர்கன், ஒரு செற் ட்ரம்ஸ், பளபளக்கிற சேர்ட்டுகள். கோயில் திருவிழாவில விடிய விடியப் பாடுற இசைக்குழு.

கண்ணன் கோஷ்டி, அருணா கோஷ்டி எண்டு பெரிய கோஷ்டியள் இருந்தன. திருவிழாவில நாளுக்கொரு உபயகாரர். நேற்றையவர் ஒரு கோஷ்டி பிடிச்சால் இண்டையவர் ரெண்டு பிடிப்பார். "சாமிக்கு இதால என்ன லாபம்?" எண்டு எங்கட அப்பு கேட்பார். கேட்டுப்போட்டு, ஆருக்கும் முதல் போய் முன்னுக்குப் பாய் விரிப்பார்.

எங்கட ஊர்ப் பெடியளும் 1982 அளவில ஒண்டு துவங்கினவை. (பேரை எழுதேல்லை. அவையில ரெண்டு பேர் இதை வாசிப்பினம்.) ஓர்கன் வாடகைக்கு. லீட் கிற்றார்காரனுக்கு வேகமான பாட்டு வந்தால் விரல் சிக்கும். ஆனால் ட்ரம்ஸ் அடிச்சவன் உண்மையாவே கெட்டிக்காரன், இப்பவும் சொல்லுவன்.

முதல் பாட்டு எப்பவும் பிள்ளையாருக்கு. பிறகு சீர்காழி, டி.எம்.எஸ். பன்னிரண்டு மணி தாண்டி, கிழடுகள் நித்திரையாகத்தான் பொப்பிசை துவங்கும். நித்தி கனகரத்தினத்தின்ர 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின்ர 'சுராங்கனி'. போர்த்துக்கேயர் காலத்தில வந்த பைலாத் தாளம், ஆறு தட்டு, காலைச் சும்மா வைச்சிருக்க விடாது. இரவு முழுக்க இந்தியப் படப்பாட்டைக் கொப்பியடிச்ச எங்களுக்கு அதில ஒரு பெருமையும் இருந்தது. 'சுராங்கனி'யை 1977ல 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்கு இளையராஜாவே எடுத்துக்கொண்டார் எல்லோ!

இந்தக் கோஷ்டியளின்ர ஒலிப்பதிவு இப்ப கிடைக்கிறது அருமை. 1990 ஜூனோட கரண்ட் போச்சுது, பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் பாட்டுக் கேட்டம். புதுக் கசற் இல்லாததால பழசுக்கு மேலேயே திரும்பப் பதிஞ்சம். மிச்சமிருந்ததை 1995 ஒக்டோபர் 30 இரவு வீட்டோட விட்டிட்டு நடந்தம்.

அதால, போன வருசம் கனடாவிலயிருந்து மச்சான் ஒரு எம்.பி.த்ரீ அனுப்பினபோது நம்பேலாமல் இருந்தது. 1985 பூங்காவனத் திருவிழா, எங்கட ஊர்க் கோஷ்டி, ஏழு பாட்டு. ஜெனரேற்றர் சத்தம், ஒரு குழந்தை அழுகுது, வாசிகசாலை வாசல்ல நிக்கிற சைக்கிளை எடுக்கச் சொல்லி அறிவிப்பாளர் ரெண்டு தரம் கத்துறார். நாலாவது, அவையே மெட்டுப் போட்ட பாட்டு. கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒருத்தனைப் பற்றி. நான் அதைச் சுத்தமா மறந்துபோனன். கிற்றார் வழமைபோல சிக்குது. ட்ரம்ஸ் மட்டும் நடுங்கேல்லை.

அந்த ட்ரம்ஸ்காரன் 1987 ஒக்டோபர்ல ஷெல் விழுந்து செத்துப்போனான். இருபத்திமூண்டு வயது. அவன்ர அம்மா இன்னும் ஊரில இருக்கிறா, எண்பது தாண்டியிட்டுது. இதை அவவுக்கு அனுப்பிறதோ, விடுறதோ எண்டு ஒரு மாதம் யோசிச்சன். மனுசி "அனுப்புங்கோ, அது அவவின்ர பிள்ளை" எண்டு சொன்னா. அனுப்பினன்.

அடுத்த நாளே போன் வந்தது. அழுகை ஒண்டுமில்லை.

"தம்பி, எல்லாரும் பாடுகினம். இதில எது என்ர பிள்ளை?"

என்னத்தைச் சொல்லுறது? அவன் ஒரு வரியும் பாடினவனில்லை. பிறகு சொன்னன்: "பெரியம்மா, ஒவ்வொரு பாட்டும் துவங்கேக்குள்ள குச்சியால டக் டக் டக் டக் எண்டு நாலு தட்டுக் கேட்கும். அதுதான் அவன்."

இப்ப அவ பாட்டை முழுசாக் கேட்கிறேல்லையாம். பேத்தியைக் கூப்பிட்டு, ஏழு பாட்டிலயும் துவக்கத்தை மட்டும் போடச் சொல்லுறாவாம்.