வாசலில் நின்ற விருந்தாளி

"வாருங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ" என்று சொல்லாத வீடு எமது ஊரில் இருந்ததில்லை. விருந்தோம்பலை யாரும் எமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை என்றே நாம் எண்ணியிருந்தோம்.

1989ஆம் ஆண்டு மார்கழி மாதம். ஜேர்மனியின் சிறு நகரமொன்றில், அகதிகள் விடுதியின் ஓர் அறையில் நாம் நால்வர். நத்தார் மாலைப் பூசைக்குப் போய்க் கடைசி வாங்கில் ஒதுங்கியிருந்தோம். பூசை முடிந்ததும், முன்பின் அறியாத முதிய பெண்மணி ஒருவர் பிள்ளைகளின் கைகளைப் பிடித்து எம்மைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். எமக்கு அவர் பாஷை தெரியாது. அவரோ இரு விரல்களைத் தலையில் கொம்பாக வைத்து, மாடு போலக் கத்திக்காட்டி, மாட்டிறைச்சி சாப்பிடுவோமா என்று கேட்டார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊரை விட்டபின் அவர்கள் அப்படிச் சிரித்தது அன்றுதான். உருளைக்கிழங்குச் சலாட்டும் அவித்த வூர்ஸ்ட்டும் பரிமாறினார். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அவர் 'ஓமா' ஆனார்.

பாஷை பிடிபட்ட பின்னர்தான் ஓமாவின் கதை எமக்கு விளங்கியது. 1946இல் சிலேசியாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த இளம்பெண் அவர். பல கதவுகள் திறக்கவில்லையாம். திறந்த ஒரு கதவை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில், விருந்தோம்பலைக் குறிக்கும் சொல்லின் பொருளே அந்நியர்மீது அன்பு என்பதுதான். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் யேசு தம்மையே அந்நியராகக் காட்டுகிறார். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ற் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 53ஆம் அதிகாரம், வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறது. ஏழைகளிலும் யாத்திரிகரிலும் கூடுதல் கவனம் வேண்டும், பணக்காரருக்கு மரியாதை தானாகவே கிடைத்துவிடும் என்கிறார் அவர். தமிழிலும் விருந்து என்ற சொல்லின் பழைய பொருள் புதுமை. திருக்குறளும் விருந்தினரை வேறாக, சுற்றத்தாரை வேறாகத்தான் எண்ணுகிறது. நாமோ இனசனத்துக்குச் சமைத்துப் போடுவதையே விருந்தோம்பல் என்று நினைத்துவிட்டோம்.

2015இல் சுமார் 8,90,000 பேர் தஞ்சம் கோரி ஜேர்மனிக்கு வந்தார்கள். எமது கீழ்மாடிக்கும் ஒரு சிரியக் குடும்பம் வந்தது. "இவையளாலை எங்களுக்கும் கெட்ட பேர்" என்று எமது ஆட்களே பேசினார்கள். நாம் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நத்தாருக்கு முதல் வாரம் அந்தத் தாய் கதவைத் தட்டி, பள்ளிக்கூடத்துக் கடிதமொன்றை நீட்டினார். வாசலில் நிற்கவைத்தே விளக்கிச் சொல்லி அனுப்பினோம்.

லீவில் வந்திருந்த மூத்த மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, ஓமா எங்களை வாசலிலையா நிப்பாட்டினவா?" என்றாள்.

எமக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு நித்திரையும் வரவில்லை.

மறுநாள் படியிறங்கிப் போய் அழைத்தோம். என்ன சாப்பிடுவீர்கள் என்றும் கேட்டோம். துருக்கியர் கடையில் ஹலால் கோழி வாங்கி, தூளைக் குறைத்துக் கறி வைத்து, இடியப்பம் அவித்தோம். அந்தத் தாய் ஒரு தட்டு இனிப்போடு வந்தார். அவருடைய சின்ன மகன் இடியப்பத்தைக் கையால் எடுக்கத் தெரியாமல் மேசையெல்லாம் சிந்தினான். எல்லோரும் சிரித்தோம். 1989இல் கேட்ட அதே சிரிப்பு.

ஓமா இன்று இல்லை. அவருக்கு நாம் பட்ட கடனை இனி அவரிடம் தீர்க்க முடியாது. எமது கதவைத் தட்டுபவரிடம்தான் தீர்க்கலாம்.

உங்கள் கட்டடத்திலும் புதிதாக யாரும் வந்திருக்கக்கூடும். அவர்கள் தட்டும்வரை காத்திருக்க வேண்டாம். நாம் பிந்திப் படித்த பாடம் இது.