ஆறு எம்எம் மரை

நாமக்கல்லில் லாரி வேலை என்றால் டீசல் வேலை. பாடி கட்டுகிறவர், ஸ்பிரிங் பட்டா பார்க்கிறவர், பம்ப் நாசில் பார்க்கிறவர் என்று ஊரைச் சுற்றியிருக்கும் பட்டறைகள் எல்லாமே டீசலை நம்பி வளர்ந்தவை. காற்றை அழுத்தியே கொதிக்க வைத்து, அதில் எண்ணெயைப் பீய்ச்சுகிற என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. பிளக் இல்லாத இடத்தில் காயிலுக்கும் வேலையில்லை. இப்போது 200 பார் அழுத்தத்தில் சிலிண்டரை நிரப்பிக்கொண்டு சி.என்.ஜி. லாரிகள் ஓடுகின்றன. வெறும் அழுத்தத்துக்கு இந்த வாயு லேசில் பற்றாது, பொறி வேண்டும். பழைய பெட்ரோல் அம்பாசடரோடு போய்விட்டதாக நினைத்திருந்த காயில், லாரி மெக்கானிக்கின் கைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

ஊருக்கு வெளியே ஓர் ஆர்கான் வெல்டிங் பட்டறையில் அதன் புது நோய் ஒன்றைப் பார்த்தேன். நான்கு சிலிண்டர் வண்டி. மேடு ஏறும்போது திணறுகிறது, டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிகிறது என்று டிரைவர் கொண்டுவந்திருந்தார். மூன்றாவது காயில் கையால் தொட்டாலே ஆடியது. அதைப் பிடித்திருந்த ஆறு எம்எம் போல்ட், டாப்பெட் கவரில் தான் இறங்கியிருந்த அலுமினிய மேட்டையும் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டிருந்தது.

ஒரு போல்ட் போனதற்கா லாரி திணறும் என்று தோன்றும். காயிலின் வேலை தெரிந்தால் தோன்றாது. உள்ளே தடித்த கம்பிச் சுற்று ஒன்று. மெல்லிய கம்பியில் அதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு சுற்று இன்னொன்று. முதல் சுற்றில் ஓடும் 12 வோல்ட் மின்சாரத்தைச் சட்டென்று வெட்டும்போது இரண்டாவதில் இருபதாயிரம் முப்பதாயிரம் வோல்ட் எழும்பி, பிளக்கின் இடைவெளியைத் தாண்டுகிறது. போகிற வழியில் இதைவிடச் சுலபமான தாவு கிடைத்தால் அங்கேயே இறங்கிவிடும். காயில் ஆட ஆட, பிளக்கைக் கவ்வியிருக்கும் ரப்பர் குழாய் தேய்கிறது, ஈரமும் புழுதியும் உள்ளே போகின்றன. பட்டறைக்காரர் அந்த ரப்பரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு, மேலிருந்து கீழ்வரை. பொறி பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாக என்ஜின் உடம்பில் இறங்கியிருக்கிறது. எரியாத வாயு சைலன்சர் பக்கம் போய், கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரிந்து அதையே உருக்கிவிடக்கூடும். ஆறு எம்எம் போல்ட்டை அலட்சியப்படுத்தினால் விலை அதுவரை போகும்.

“ஏந்தம்பி, போன தடவை இதை ஏர் கன்னுல முடுக்குனாங்களா?” என்று டிரைவரிடம் கேட்டார்.

“எனக்குத் தெரியலீங்ணா, சர்வீஸ்ல வெளிய விட்டிருந்துச்சுங்க.”

இரும்பு போல்ட், அலுமினிய மரை. இரும்புக்குத் தாங்குகிற முடுக்கு அலுமினியத்துக்குத் தாங்காது. மரை மட்டும் போயிருந்தால், ஓட்டையைப் பெரிதாக்கிச் சுருள் கம்பி மரை இறக்கி அரை மணியில் முடித்திருப்பார். மேடே போய்விட்டதால் புதிதாக வளர்த்தாக வேண்டும். இதில் எதைச் செய்வது என்று முடிவு செய்ததுதான் அன்றைய வேலையில் பெரிய பங்கு என்பேன். எல்லாவற்றையும் வெல்டிங்கால் மூடிவிடலாம் என்கிற அவசரம் அவரிடம் இல்லை. உடைந்த இடத்திலிருந்து விரிசல் ஓடுகிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தார், மண்ணெண்ணெய் தடவித் துடைத்துப் பார்த்தார். விரிசல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கவரைக் கழற்றச் சொன்னார்.

வார்ப்பு அலுமினியம் எண்ணெய் குடித்திருக்கும். கேஸ் டார்ச்சால் சூடு காட்டியதும் உள்ளிருந்து கசிந்து வந்தது. துடைத்தார், மறுபடி சூடு காட்டினார், மறுபடி துடைத்தார். கவர் கோணிவிடாதபடி தடித்த இரும்புத் தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கினார். பிளாஸ்டிக் பையில் சுற்றி ஆணியில் மாட்டியிருந்த எவர்சில்வர் கம்பி பிரஷ்ஷை எடுத்தார். அது அலுமினியத்துக்கு மட்டும். இரும்பில் தேய்த்த பிரஷ் பட்டால் இரும்புத் துகள் ஒட்டி வெல்டிங் கெட்டுவிடுமாம்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன்மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோலுக்கோ இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் மின்சாரத்தைத் திசை மாற்றி மாற்றி விடுகிறார்கள். ஒரு பாதி தோலைக் கிழிக்கிறது, மறு பாதி உள்ளே இளக்குகிறது, சுற்றிலும் ஆர்கான் காற்றை அண்டவிடாமல் காக்கிறது. இரும்புபோல் அலுமினியம் சிவந்து எச்சரிப்பதில்லை. மங்கலாக இருந்த இடம் திடீரென்று பளபளக்கும். அந்த நொடியில் கம்பியை ஊட்ட வேண்டும். தவறினால் பொத்தென்று ஓட்டை விழுந்துவிடும். கறுப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சொட்டுச் சொட்டாக மேடு வளர்ந்தது. அவர் கை எந்த இடத்திலும் அவசரப்படவில்லை.

கவரைப் பிடித்துக்கொண்டிருந்த ஐ.டி.ஐ. முடித்த பையன் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியிருந்தான். அவனுக்கு ஹெல்மெட் இல்லை. அலுமினியம் அந்த வெளிச்சத்தைக் கண்ணாடியாகத் திருப்பியடிக்கும். திருப்பிய முகத்தின் பக்கவாட்டிலும் கழுத்திலும் விழும். ராத்திரி கண்ணுக்குள் மணல் போட்டமாதிரி உறுத்தும் என்று அவனே சொன்னான், பழகிப்போச்சுங்க என்றும் சொன்னான். இது பழகிக்கொள்ள வேண்டிய விஷயமே இல்லை. “ஒண்ணுதான் இருக்குதுங்க, இன்னொண்ணு வாங்கோணும்” என்றார் பட்டறைக்காரர். வேலையில் இத்தனை கவனமுள்ளவர் இதை இன்றைக்கே வாங்க வேண்டும் என்று அவரிடமே சொன்னேன். தலையாட்டினார். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் விலை பேசுகிற தொழில், ஒரு பையனின் கண்ணுக்கு அந்தக் கணக்கைப் போடாமல் விட்டிருப்பது எனக்குத் தாங்கவில்லை.

ஆறியதும் அரத்தால் மேட்டைச் சமன் செய்தார். ஓட்டை எங்கே வர வேண்டும் என்பதற்கு வரைபடம் இல்லை. செத்துப்போன பழைய காயில் ஒன்றைப் பிளக் குழியில் நேராக உட்கார வைத்து, அதன் காது வழியாகச் சென்டர் பஞ்ச்சால் ஒரு புள்ளி. ஐந்து எம்எம் டிரில். பிறகு மண்ணெண்ணெய் சொட்டவிட்டு டேப் இறக்கினார். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், சுருள் சுருளாக வரும் தூளை ஊதிவிட்டு மறுபடி அரைச் சுற்று. இதைப் பையனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். “கண்ணு, டேப் போற வழியில விடு, நீ தள்ளாத.”

தேய்ந்த ரப்பரை மாற்றி, காயிலை வைத்து, பத்தாம் நம்பர் டி ஸ்பேனரை இரண்டு விரலால் திருப்பி முடுக்கினார். அங்கே பத்து நியூட்டன் மீட்டர் போதும். டிரைவர் ஸ்டார்ட் செய்தார். ஐடிலில் நான்கு சிலிண்டரும் சீராக அடித்தன. விளக்கு உடனே அணையவில்லை, ஸ்கேனர் வைத்துப் பழைய பிழைக் குறியீட்டை அழித்த பிறகு அணைந்தது.

லாரி ஓனர் போனில் பேரம் பேசினார். ஒரு போல்ட் ஓட்டைக்கு இவ்வளவா என்று கேட்டது எனக்கே கேட்டது. பட்டறைக்காரர் குறைக்கவில்லை. புது டாப்பெட் கவர் விலையைக் கேட்டுவிட்டு வரச் சொன்னார். ஓனர் திரும்பக் கூப்பிட்டபோது விலையைப் பற்றிப் பேசவில்லை. மற்ற மூன்று காயில்களின் போல்ட்டையும் ஒருதடவை பார்த்து அனுப்பச் சொன்னார்.