முதல் தளபதியை மறந்த ஊர்

மட்டக்களப்பில், புளியந்தீவிலும் கல்லடியிலும் பின்னேரங்களில் வாவிக்கரையோரம் நடப்பவர்களில் பாதிப்பேர் பென்சன்காரர். இவர் அதிபராக இருந்தவர், அவர் தபால் கந்தோர், மற்றவர் கச்சேரி கிளாக்கர் என்று நடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவர்களில் ஒருவர் காலமானால் செத்தவீட்டில் அவருடைய உத்தியோகமே பேச்சாக இருக்கும்: எங்கெங்கே மாறிப் போனார், யாருக்கு வேலை எடுத்துக் கொடுத்தார், யார் யார் அவரிடம் பிரம்படி வாங்கினார்கள். ஆனால் அந்த வரிசையில் ஓய்வுபெற்ற தமிழ் இராணுவ அதிகாரி ஒருவரை நான் கண்டதேயில்லை. தமிழ்நாட்டில் இது அதிசயமான செய்தி. அங்கே பல ஊர்களில் ஒரு மிலிட்டரிக்காரர் வீடு இருக்கும். 2024இல் 'அமரன்' படம் வந்தபோது, காஷ்மீரில் இறந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்காக எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கண் கலங்கினார்கள். சீருடை போட்ட தமிழ் அதிகாரி ஒருவரின் சாவுக்குத் தமிழ்ச் சனம் அழுவதை இங்கே திரையில்தான் பார்க்க முடிகிறது.

அந்தப் பிள்ளைகளிடம் இன்னொரு பெயரைச் சொன்னேன்: அன்ரன் முத்துக்குமாரு. ஒருவருக்கும் தெரியவில்லை. பெரியவர்களிலும் அநேகருக்குத் தெரியாது.

இலங்கை இராணுவத்துக்குத் தளபதியான முதல் இலங்கையர் அவர். 1908 ஜூலையில் பிறந்தவர். கொழும்பு சென் ஜோசப் கல்லூரி, பிறகு ஒக்ஸ்போர்ட், பிறகு லண்டனில் பாரிஸ்டர் படிப்பு. சட்டம் படித்த அவர் 1930களில் இலங்கை இலகு காலாட்படையில் சேர்ந்தார். 1949 ஒக்டோபரில் சுதந்திர இலங்கையின் இராணுவம் உருவானது. முதலில் தளபதியாக இருந்தவர் கெய்த்னஸ் பிரபு, அடுத்தவர் பிரான்சிஸ் ரீட். இருவரும் பிரித்தானியர். 1955 பெப்ரவரியில் அந்தக் கதிரையில் முத்துக்குமாரு அமர்ந்தார். 1959 முடியும்வரை இருந்தார்.

அந்த ஐந்து வருடங்களின் கணக்கு எங்கள் பக்கத்தோடும் ஒட்டியது. 1956 ஜூனில் தனிச்சிங்களச் சட்டத்தின் சூடு கல்லோயாப் பள்ளத்தாக்கில் பற்றிக்கொண்டது. இன்று அது அம்பாறை மாவட்டம். அப்போது மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. குடியேற்றத் திட்டத்துத் தமிழர் பலர் கொல்லப்பட்டார்கள். இராணுவம் போய் இறங்கிய பிறகுதான் அடங்கியது. 1957 டிசம்பரில் எங்கள் மூத்தவர்கள் இன்னும் வருசம் சொல்லிப் பேசும் அந்தப் பெருவெள்ளம். அதற்கு ஐந்து மாதம் கழித்து 1958 மே கலவரம், அவசரகாலச் சட்டம், தெருவுக்குத் தெரு படையினர். தமிழர் வீடுகள் எரிந்த அந்த நாட்களில், எரிப்பவர்களைத் தடுக்க அனுப்பப்பட்ட படைக்குத் தமிழரே தலைவர். இன்றைக்கு இதைக் கேட்டால் கட்டுக்கதை போலிருக்கும்.

ஒன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முத்துக்குமாரு மட்டக்களப்பார் அல்ல. ஆங்கிலத்தில் வாழ்ந்த கொழும்பு மேட்டுக்குடி மனிதர். படுவான்கரையின் வேளாண்மைக்காரனுக்கும் அவருக்கும் இடையே வாவியைவிட அகலமான இடைவெளி. அவரைத் தமிழினத்தின் வீரன் என்று தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. அவருக்கே அது பிடித்திராது என்று நினைக்கிறேன். அவர் தன் தொழிலைச் செய்தார். தமிழர் ஒருவர் படைக்குத் தலைவராக இருப்பது அப்போது செய்தியே அல்ல. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். கடற்படையிலும் 1960 முதல் 1970 வரை தமிழரான ராஜன் கதிர்காமரே தளபதி. பின்னாளில் வெளிநாட்டமைச்சராக இருந்து கொலையுண்ட லக்ஷ்மன் கதிர்காமரின் தமையன் அவர்.

தமிழர் படைக்குள் போகும் இந்த வழி எப்போது அடைபட்டது? 1962 ஜனவரியில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் ஆட்சியைப் பிடிக்கப் போட்ட திட்டம் வெளியே வந்தது. சம்பந்தப்பட்டவர்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். சிங்களவர், பறங்கியர், தமிழர் மூவரும் இருந்தார்கள். அதன்பிறகு ஆளெடுப்பில் இனமும் மதமும் பார்க்கப்பட்டன. தனிச்சிங்கள மொழிச் சட்டம் ஏற்கெனவே கதவைப் பாதி சாத்தியிருந்தது. எழுபதுகள் முடியும்போது தமிழ்ப் பொடியனுக்கு இராணுவம் என்பது சேரக்கூடிய உத்தியோகமாகவே தெரியவில்லை. எண்பதுகளில் அவன் கண்ட இராணுவம் சென்றியில் நின்றது, அடையாள அட்டை கேட்டது, சைக்கிளை உருட்டச் சொன்னது. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்த 158 பேர் இராணுவத்தால் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பவேயில்லை. அதற்குப் பிறகு இந்த ஊரில் யார் தன் பிள்ளையை அந்தச் சீருடைக்குள் நினைத்துப் பார்ப்பார்?

ஓய்வுக்குப் பிறகு முத்துக்குமாரு பாகிஸ்தானிலும் ஆஸ்திரேலியாவிலும் எகிப்திலும் நாட்டின் பிரதிநிதியாக இருந்தார். இலங்கையின் இராணுவ வரலாற்றை ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதினார். அது 1987இல் அச்சானது. தான் கட்டி வளர்த்த படை வடக்கிலும் கிழக்கிலும் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அந்த வயதில் அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதே எனக்குள்ள பெரிய கேள்வி. 2001இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையில், தான் பிறந்த மண்ணுக்கு வெகு தூரத்தில் ஆஸ்திரேலியாவில் காலமானார். அன்று போர் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சாவை வாவிக்கரையில் யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

தளபதியே மறக்கப்பட்டால் சாதாரண சிப்பாய் எந்த மூலைக்கு? ஐம்பதுகளில் கிழக்கிலிருந்தும் யாராவது போயிருக்கலாம். லான்ஸ் கோப்ரலாக, சாரதியாக, சமையற்காரராக இருந்திருக்கலாம். பிறகு வந்த காலத்தில் அந்தப் படங்களைச் சுவரிலிருந்து இறக்கி ஒளித்த வீடுகளும் இருக்கலாம். இயக்கத்துக்கும் பயம், ஆமிக்கும் பயம். உங்கள் அப்பப்பாவோ அம்மப்பாவோ அப்படி ஒருவராக இருந்தால், பெட்டிக்குள் இருக்கும் அந்தப் படத்தையும் பென்சன் கடதாசியையும் கறையான் அரிக்கும்முன் வெளியே எடுங்கள். ஒரு படியெடுத்து ஊர் நூலகத்திடம் கொடுங்கள். பெயரையும் வருசத்தையும் பின்பக்கத்தில் எழுத மறக்காதீர்கள்.