வண்டி நிற்க ஓர் இடம்

தமிழ்நாட்டிலிருந்து திருவனந்தபுரம் பக்கம் போகிற வாடகை வேன்களுக்கு அமரவிளை பழகிய ஊர். களியக்காவிளையில் எல்லை தாண்டி, பாறசாலையும் கழிந்து, நெய்யாற்றின்கரை வருவதற்குச் சற்று முன்னால் சோதனைச் சாவடி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு சரக்கு லாரிகளின் வணிக வரி வரிசை ஒழிந்தது. மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு பெர்மிட், வரி பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. எங்கள் டிரைவர் அண்ணன் ஆன்லைனிலேயே பணம் கட்டியிருந்தார். ஆனாலும் ஆர்.சி., இன்சூரன்ஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

வாகமணுக்குப் போகிற குடும்பப் பயணம் அது. வேனின் பின்பக்கம் கேஸ் அடுப்பு, இட்லிக் கொப்பரை, பாய், தண்ணீர்க் கேன். புளியோதரையும் தயிர்சாதமும் தனி வாளிகளில். கேரவனில் போகலாம் என்றுதான் வீட்டில் முதலில் பேச்சு எழுந்தது. 2021-இல் கேரள அரசு ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்தபோதே எனக்கு அந்த ஆசை பிடித்திருந்தது. படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. மலை மேல் நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்தால் மஞ்சு. யாருக்குத்தான் பிடிக்காது?

விசாரித்ததும் கணக்கு இடித்தது. அந்தத் திட்டத்தின் வண்டிகள் இரண்டு வகை: இரண்டு பேருக்கு ஒன்று, நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒன்று. தாத்தா தொடங்கிக் கைக்குழந்தை வரை புறப்படுகிற எங்களுக்கு ஒரு வண்டி எந்த மூலைக்கு? ஒன்றுக்கு மூன்றாக எடுத்தால் அந்த வாடகையில் எங்கள் வேன், டீசல், பெர்மிட், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் முடிந்து மிச்சமும் நிற்கும்.

டெக்சஸில் இருக்கும் தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் அங்குள்ள ஏற்பாட்டைச் சொன்னான். அங்கே மாநிலப் பூங்காக்களுக்கு ஆண்டுச் சீட்டு உண்டு. அதைக் காட்டினால் வண்டியில் இருக்கிற எல்லோருக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. இரவு தங்கும் இடத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். கரண்டும் தண்ணீர்க் குழாயும் அந்த இடத்திலேயே இருக்கும். அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு, மேற்கு மாநிலங்களில் மத்திய அரசின் பொது நிலங்களில் பல இடங்களில் பதினான்கு நாள் வரை காசில்லாமல் தங்கலாம். வசதி ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான்.

அங்கே அரசு விற்பது நிலத்தை. வண்டி அவரவர் பாடு. பழைய வேனோ புதிய கேரவனோ, நிற்கிற இடத்துக்கு மட்டும்தான் காசு. நம் பக்கம் வண்டியையும் இடத்தையும் ஒன்றாகக் கட்டி விற்கிறார்கள், விலை அங்கேதான் ஏறுகிறது. கேரள அரசின் மானியமும் வண்டி வாங்குவோருக்கே போனது: முதல் நூறு பேருக்கு ஏழரை லட்சம் ரூபாய் அல்லது முதலீட்டில் 15 சதவீதம், இவற்றில் எது குறைவோ அது.

கையைக் கடிக்காத வழியும் அதே கேரளத்தில்தான் இருக்கிறது. 2020 நவம்பரில் மூணாறு டிப்போவில் கே.எஸ்.ஆர்.டி.சி. பழைய பேருந்துகளைப் படுக்கை அறையாக மாற்றி, ஓர் இரவுக்கு நூறு ரூபாய் என்று கொடுத்தது. அந்த யோசனை தோன்றியவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பொதுப்பணித் துறை ரெஸ்ட் ஹவுஸ்களையும் 2021 நவம்பரிலிருந்து பொதுமக்கள் ஆன்லைனில் பதிவு செய்யலாம். மண்டல காலத்தில் ஐயப்ப பக்தர்களுக்கு வழியிலுள்ள கோயில்களில் இடத்தாவளம் என்கிற தங்குமிடம் இருக்கிறது. மாலை போட்டவர்கள் வண்டியை ஓரங்கட்டி, சமைத்து, மண்டபத்தில் விரித்துப் படுத்து, விடியலில் கிளம்புவார்கள். தை பிறந்து அந்தக் கூட்டம் கலைந்தபின் வருகிற குடும்பங்களுக்குத்தான் அப்படி வண்டியை நிறுத்திச் சமைத்துப் படுக்கப் போக்கிடம் இல்லை.

அமரவிளையில் அதைக் கண்ணால் கண்டேன். டிரைவர் அண்ணன் திரும்பி வருவதற்குள் பெண்கள் கழிப்பறை தேடி இரண்டு பக்கமும் நடந்தார்கள். கடைசியில் ஒரு டீக்கடைக்கார அம்மா தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். பக்கத்திலேயே நெய்யாறு ஓடுகிறது. வண்டியை நிறுத்தி ஒரு வாய் சாப்பிட நிழல் கிடைக்கவில்லை. அடுத்த இரவுக்கு நான் லாட்ஜ் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை போனை எட்டிப் பார்த்தார்.

“ரூம் எதுக்கு மக்களே? குளிக்கவும் வெளிக்குப் போகவும் ஒரு இடம் கிடைச்சாப் போதாதா? வேனிலேயே படுத்துக்கிடலாமே.”

அத்தை கேட்டதைத்தான் நானும் அரசிடம் கேட்கிறேன். கேரவன் பார்க்குக்குக் கேரளம் வகுத்த குறைந்தபட்ச அளவு 50 சென்ட் நிலம், ஐந்து வண்டி நிற்கும் இடம். அதே 50 சென்ட்டை அமரவிளைப் பக்கம் சாதாரண வேன்களுக்கு ஒதுக்கலாம். கழிப்பறை, குளியலறை, அடுப்பு மூட்ட ஒரு தகரக் கொட்டகை, இரவில் விளக்கு, ஒரு காவலாள். வழியோரக் கழிப்பறைகளுக்கு ‘டேக் எ பிரேக்’ திட்டம் நடத்துகிற அரசுக்கு இது எட்டாத வேலை இல்லை. இலவசமாகவும் வேண்டாம். வண்டிக்கு இருநூறு ரூபாய் என்று போர்டு வைத்தால் வரிசையில் முதலில் நிற்பது எங்கள் வேனாகத்தான் இருக்கும்.