பெரிதாக்கிப் பார்த்த எழுத்து

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் மொத்தச் சரக்குக் கடை வைத்திருந்தார், விருதுநகர்க்காரர். எனக்கு அவர் அண்ணாச்சி. ஒரு கைப்பிடி மிளகை உள்ளங்கையில் பரப்பினால், கலந்திருக்கும் பப்பாளி விதையைக் கண்ணாலேயே பொறுக்கிவிடுவார். அப்படிப்பட்டவர் பதினோரு லட்சத்தை முகம் தெரியாத ஒருவனுக்கு அனுப்பிவிட்டு, மஞ்சப்பையில் மின்னஞ்சல் பிரதியோடு என் அறைக்கு வந்தார்.

"இதுல என்ன தப்பு இருக்கு, நீங்களே சொல்லுங்க வக்கீல் தம்பி."

குஜராத்தின் ஊஞ்ஜாவிலிருந்து வழக்கமாகச் சீரகம் அனுப்புகிறவரின் பெயர். பில் எண் சரி, மூட்டைக் கணக்கு சரி, லாரி கிளம்பிய தேதியும் சரி. ஆடிட் நடக்கிறது, பழைய கணக்கில் போட வேண்டாம், இந்தக் கணக்கில் இன்றே போட்டால்தான் அடுத்த லோடு ஏறும் என்றிருந்தது. காகிதத்தைப் பார்த்து எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

கடைக்கே போய்க் கம்ப்யூட்டரில் அசலைத் திறந்தோம். அனுப்பியவர் பெயரைத் தொட்டதும் முழு முகவரி விரிந்தது. 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்திருந்தான். சின்ன ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பெரிதாக்கிக் காட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார். புதிய கணக்கோ யாரோ ஒரு தனியாளின் சேமிப்புக் கணக்கு.

மோசடி மடலில் எழுத்துப்பிழை இருக்கும் என்று நாமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதில் ஒரு பிழையும் இல்லை. சீரகக்காரரின் மின்னஞ்சலுக்குள் புகுந்தவன், வருகிற ஒவ்வொரு மடலும் தனக்கும் ஒரு பிரதி வரும்படி செய்துவைத்து, வாரக்கணக்கில் படித்திருக்கிறான். பில் எண் சரியாக இருந்ததுதான் எல்லோரையும் ஏமாற்றியது. கணக்கு மாறியது என்று வந்தவுடனே, அந்த மடலில் உள்ள எண்ணுக்கு அல்ல, பழைய நோட்டில் இருக்கும் எண்ணுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

அண்ணாச்சி தூத்துக்குடி வழக்கைக் கேள்விப்பட்டிருந்தார். வங்கி பெயரில் வந்த போலி மடலுக்குப் பதில் கொடுத்த ஒரு வாடிக்கையாளர் 2007-இல் 6.46 லட்சத்தை இழந்தார். 2010 ஏப்ரலில், தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி விசாரித்த தமிழ்நாட்டுத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர், ஐசிஐசிஐ வங்கி 12.85 லட்சம் தர வேண்டும் என்று உத்தரவிட்டார். "நம்ம வங்கியையும் அப்படிக் கேட்க முடியாதா?" என்றார் அண்ணாச்சி. அங்கே பணத்தை நகர்த்தியவன் திருடன். இங்கே அனுப்பியது நம் கடைக் கணக்குப்பிள்ளை, அண்ணாச்சி தலையாட்டிய பிறகு. அதை அவரிடம் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. சீரகக் கடனும் தீரவில்லை. வேறு ஆளிடம் கொடுத்த பணம் கொடுத்ததாகாது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் வழக்குப் பதிவானது. ஆனால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குச் சொன்னதே ஒன்பதாம் நாள். முதல் சில மணி நேரத்தில் சொல்லியிருந்தால் பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பிருந்தது. எங்களுக்கு நாற்பதாயிரம் சில்லறைதான் முடங்கிக் கிடைத்தது. சீரகக்காரரோடு சமரசம் பேசினோம். ஓட்டை அவர் பக்கம் என்று ஆனதால் பாதியை விட்டுக்கொடுத்தார்.

கணக்குப்பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது. அவனை யாரும் திட்டவில்லை, சம்பளத்திலும் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒருநாள் சாவியை மேசையில் வைத்துவிட்டு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை.